துவைத்த பின் அணியவும்

அடுத்தவருக்கு அறிவுரை எழுதித் தருகிறவன் அதைத் தானே ஒருமுறை செய்து பார்த்துவிடுவது நல்லது. இந்த உண்மையை நான் நூற்றெண்பது பேர் முன்னால், மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கற்றேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் வேலை நிரந்தரமாகும், அல்லது ஆகாது. கல்யாணமாகி நாலே மாதம். (ஆகவே ‘ஆகாது’ என்ற பேச்சுக்கே இடமில்லை.)

கம்பெனியில் ஆண்டுதோறும் குடும்ப விழாவுக்கு டி-ஷர்ட் தருவார்கள். பாலியஸ்டர். போட்டால் வியர்த்து ஊற்றும். விழா முடிந்த மறுநாளே பைக் துடைக்கப் போய்விடும். நான் கூட்டத்தில் எழுந்து, "குப்பைக்குப் போகாத டி-ஷர்ட் கொடுக்கலாம் மேடம். பருத்தித் துணி, இயற்கைச் சாயம்!" என்று முழங்கினேன். எங்கள் மேலாளர் ஷைலஜா மேடம் மைசூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். "செய்ங்க. சொதப்பினா அடுத்த வருஷம் பழையபடி பாலியஸ்டர்தான். உங்களைப் பத்தியும் யோசிக்கணும்" என்றார்.

விசாரித்து விசாரித்து, பீன்யா தொழிற்பேட்டையில் சரோஜாவின் சாயப்பட்டறையைக் கண்டுபிடித்தேன். தகரக் கூரை, நாலு பெரிய அண்டா, வேலைக்கு ஐந்து பெண்கள். சரோஜாவுக்கும் என் வயதுதான், ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். முழங்கை வரை அவுரி நீலம் ஏறியிருந்தது. எங்கள் கம்பெனியின் நிறம் பளீர் மஞ்சள் என்பதால், மஞ்சள் தூளிலேயே சாயம் போடச் சொன்னேன்.

"வேணாம் சார். மஞ்சத்தூள் சாயம் வெயில்ல வெளுக்கும், சோப்பு பட்டா செவக்கும். மார்க்கெட்ல மிஞ்சுன செண்டுமல்லிப் பூ மூட்டை மூட்டையா வருது. அதுல போட்டுத் தரேன், நிக்கும்."

மாதிரித் துணியையும் காட்டினார். நான் செல்போனில் கம்பெனி லோகோவைத் திறந்து, துணிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். "இது கொஞ்சம் டல்லா இருக்கே. மஞ்சள்னா நம்ம பாரம்பரியம் வேற."

"பாரம்பரியம்தான். சாம்பார் கொட்டின சட்டையைச் சோப்புல போட்டுப் பாத்ததே இல்லியா நீங்க?"

இல்லை. ஊரில் இருந்தவரை என் சட்டைகளை அம்மா துவைத்தார், பிறகு மெஷின் துவைத்தது. (பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் நல்ல மதிப்பெண் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.) "ஆர்டர் கொடுக்கிறது நான்தானேங்க?" என்று கேட்டேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

சரோஜா மாதிரித் துணியை மடித்து வைத்தார். "சரி சார். சோப்புல போடாதீங்கன்னு மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லிக் குடுங்க."

நான் சொல்லவில்லை. அதற்கு மேலும் ஒரு படி போனேன். புதுத் துணி என்றால் துவைத்துத்தானே போட வேண்டும் என்று, ஒவ்வொரு டி-ஷர்ட்டிலும் அழகான அட்டை ஒன்று கட்டினேன். அதில், ‘இயற்கைச் சாயம். துவைத்த பின் அணியவும்’ என்று நானே எழுதியிருந்தேன்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட்டோம். எங்கள் ஊழியர்கள் சொன்ன பேச்சு கேட்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் மைதானத்துக்குள் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினார்கள். ஒருவர் முழுச் சிவப்பு. ஒருவருக்கு முதுகில் மட்டும் செங்காவிப் படலம். சோப்புக் கட்டியால் தேய்த்தவர்களுக்குக் கோடு கோடாக. ஒரே வாளியில் ஊறப்போட்ட நாலு பேச்சிலர் பையன்கள், கூட ஊறிய வெள்ளை பனியன்களின் கதையைக் கண்ணீரோடு சொன்னார்கள். கணக்குப் பிரிவுப் பெரியவரைப் பார்த்தால் வெற்றிலை எச்சிலைச் சட்டையில் துப்பிக்கொண்டவர் போல இருந்தார். பாவம், அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

"ஏன்ரீ இது? ஹோளி ஹப்பானா?" என்று, ஹோலிப் பண்டிகையா எனக் கன்னடத்தில் கேட்டபடி மேடம் வந்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த மைதானத்திலேயே பளீரென்று, புள்ளி கூட இல்லாத மஞ்சளில் நின்றவன் நான் ஒருவன்தான்.

"உங்களுது மட்டும் எப்படி நல்லா இருக்கு?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "நான்... துவைக்கலை மேடம்."

பக்கத்தில் நின்ற என் மனைவி ரேவதி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டாதானே ஆரத்தி செவக்குது? சோப்பும் அதே வேலையைத்தான் செய்யும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" நாலு மாதம் முன்பு அந்த ஆரத்தியை எனக்கே சுற்றியிருந்தார்கள்.

மாதக் கடைசிக்குள் சரிசெய்யச் சொல்லிவிட்டார் மேடம். சட்டைகளையெல்லாம் திரும்ப வாங்கி, மூட்டை கட்டி, பீன்யாவில் கொண்டுபோய் இறக்கினேன். சரோஜா ஒரு மூட்டையைப் பிரித்தார். சிரிப்புத் தாங்காமல் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். ஆனால், ‘அப்பவே சொன்னேன்ல’ என்று அவர் சொல்லவே இல்லை. சொல்ல எல்லா உரிமையும் இருந்தும் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

"துணி ஒண்ணும் கெடல சார். கலர்தானே போச்சு? ஒண்ணைக்கூடத் தூக்கிப் போட வேணாம்."

கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்தார். பிறகு துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் போட்டுப் புளிக்கவைத்த தண்ணீரில் முக்கினார். இரண்டு சனிக்கிழமை என்னையும் கோல் கொடுத்துக் கிண்டவிட்டார். கண்முன்னே சிவப்பும் மஞ்சளும் திட்டும் கோடும் எல்லாம் ஒன்றாகிக் கருஞ்சாம்பலாக மாறின. நான் பிரமித்துப்போய்க் கிண்டுவதை நிறுத்திவிட்டேன். "கிண்டுங்க சார், திட்டு விழும்" என்று அதட்டினார்.

"மழை மேக நிறம்," என்று மேடம் ரசித்தார். (சரோஜா வைத்த பெயர் எருமைக்கன்னுக் கலர்.) என் வேலை நிரந்தரமானது. அடுத்த ஆண்டிலிருந்து ஆர்டர் நேராக சரோஜாவுக்கே போகிறது. நிறத்தை அவர்தான் சொல்வார், மேடம் தலையாட்டுவார். அந்தச் சாம்பல் சட்டைகளை இன்றும் ஆபீஸில் போடுகிறார்கள். ஒன்றுகூட பைக் துடைக்கப் போகவில்லை.

போன மாதம் எனக்குப் பதவி உயர்வு. ஆபீஸில் தந்த புது மஞ்சள் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ரேவதி வாசலிலேயே வழிமறித்தாள். "அங்கேயே நில்லுங்க, ஆரத்தி எடுக்கணும்" என்றாள். கையில் தட்டு இல்லை. ஒரு வாளித் தண்ணீரும் சோப்புத்தூள் பாக்கெட்டும்தான் இருந்தன.

"சட்டையைக் கழட்டிக் குடுங்க. மஞ்சள் அதுல இருக்குமே?"