முட்டை லாரிக்காரனின் இடது கால்

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

உன் வீட்டுக்காரர் பரமசிவம் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கே சிங்கப்பூரில் நானும் நீ விட்டுப்போன கறிவேப்பிலைத் தொட்டியும் நலம். ஈப்போவில் நீயும், மகள் லீலாவும், அவள் பெற்ற பச்சைக் குழந்தையும் நலமாக இருக்க முருகன் துணை. எழுபத்திரண்டு வயதில் இது என் முதல் கடிதம். சமூக மன்றத்து எழுத்து வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்தும் ஒரு நாளைக்கு ஐந்து வரிதான் வருகிறது. ஒரு ‘ழ’ போட்டால் ஒரு கோப்பி குடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நீ பதினெட்டாம் தேதி திரும்புவதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். ஒரு தப்பு செய்துவிட்டேன். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

இதயத்தில் ஸ்டென்ட் குழாய் வைத்துக்கொண்டு வீடு வந்த அன்று, இனி வேகமாக வண்டி ஓட்டமாட்டேன் என்று உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன் அல்லவா. போன ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் மகள் இளமதி ஜொகூருக்குக் கிளம்பினாள். அங்கே ஒரு பந்தயத் திடலில் கியர் மாற்றும் கார்களை இரண்டிரண்டாக நிறுத்தி, கொடி இறங்கியதும் நூறு மீட்டரை யார் முதலில் தாண்டுகிறார் என்று பார்ப்பார்களாம். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அவள் காரில் சும்மா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன், இடது கால் தானாகக் கிளட்சைத் தேடியது. உங்கள் பேரையும் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் சொல்லிக்கொடுத்த முறை இது. முதல் கியரில் கிளட்சை முழுதாக மிதித்து, வலது காலால் எஞ்சினை உறுமவிட வேண்டும். இடது காலை மெல்லத் தூக்கினால் ஓரிடத்தில் கார் லேசாக நடுங்கும். அங்கேயே காத்திருந்து, கொடி இறங்கியதும் மிச்சத்தை ஒரே மூச்சில் விட வேண்டும். தயங்கினால் கிளட்ச் கருகும். அந்த நடுக்கம் எனக்குத் தெரியாததா? ஆனால் இது லிம் சூ காங் பண்ணையிலிருந்து தேக்கா சந்தைக்கு நாற்பது வருஷம் முட்டை ஏற்றிய கால். மெதுவாகத் தூக்க மட்டுமே அதற்குத் தெரியும்.

முதல் ஓட்டத்துக்கு, நம் வழக்கப்படி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். கொடி பிடித்த மலாய்க்காரர் அவர்கள் முறைப்படி மாமா என்று அழைத்து, பாக்சிக், சர்பத் போடப்போகிறீர்களா என்று கேட்டார். கொடி இறங்கியதும் காரை இழுக்கும் முன்சக்கரங்கள் பழச்சாற்றிலேயே சுற்றோ சுற்றென்று சுற்றின, கார் நின்ற இடத்திலேயே நின்றது, எதிராளி போய்த் திரும்பியும் வந்துவிட்டார். இரண்டாவது ஓட்டத்தில் பழம் இல்லை, பழைய கால் இருந்தது. கருகல் வாசனையோடு ஊர்கோலம் போனேன். மூன்றாவதற்கு முன் இளமதி ஜன்னலில் குனிந்தாள்.

“பின்னால முட்டை எதுவும் இல்ல லா, மாமா. நீங்க மட்டும்தான் இருக்கீங்க. காலை எடுங்க.”

நாற்பது வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எடுத்தேன். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. ‘பஞ்சு’ என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை, இளமதியின் வீடியோவில் கேட்கிறது. எதிராளி அரைக் கார் முன்னால் முடித்தார். தோற்றது தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நான் வேகமாக ஓட்டவில்லை, வேகமாகக் கிளம்பினேன், அது சத்தியத்தில் சேராது என்று எழுதி, அடித்துவிட்டேன். சேரும். டாக்டரிடம் காட்டினேன், நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திட்டினார். உன் தலையில் வைத்த அதே கையால் மன்னிப்புக் கேட்கிறேன். இனி அந்தக் காரைத் தொடமாட்டேன்.

லீலாவுக்கு ஆசி. பேரனுக்கு முத்தம். உனக்கு என்ன எழுதுவது என்று வகுப்பில் இன்னும் சொல்லித்தரவில்லை.

இப்படிக்கு,
பரமசிவம்
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)

பி.கு.: இதை முடிப்பதற்குள் பதினெட்டாம் தேதி வந்து, நீயும் வந்து, மேசைமேல் கிடந்ததை நின்றபடியே இரண்டு முறை படித்துவிட்டாய். அப்புறம், “பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்கல்ல, அப்போ நான் பக்கத்துல இருக்க வேணாமா?” என்றாய். இளமதியிடம் அடுத்த மாதத்துக்கு நம் இருவர் பேரையும் நீயே கொடுத்தாய். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எலுமிச்சம்பழம் பின்சக்கரத்துக்கு மட்டும் போதும் என்று நீ சொல்வதும் சரிதான்.