எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். உங்கள் நலத்தை உங்கள் மாமியார் தினமும் போனில் கேட்டு எனக்கு ஒப்பித்துவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. விஷயத்தைப் போனில் சொன்னால் என் மகள் நடுவில் புகுந்து சிரித்துவிடுவாள் என்பதால் எழுத்தில் தருகிறேன். பிரசவத்துக்கு உங்கள் மாமியார் மட்டும் வருவார். நான் வருவதற்கில்லை.

காரணம் உண்டு. முப்பத்தாறு வருஷம் நிலம் அளந்தவன் நான். ஒரு மனையின் எல்லையை இந்த முனையிலிருந்தும் அந்த முனையிலிருந்தும் அளந்து, இரண்டும் ஒத்துப்போனால் ஒழியக் கையெழுத்துப் போட்டதில்லை. நம் இரண்டு ஊர்களுக்கும் விமான தூரம் என்னவென்று கம்ப்யூட்டரில் தேடினேன். ஒரு இடத்தில் 8,214 கிலோமீட்டர், இன்னொரு இடத்தில் 8,231. பதினேழு கிலோமீட்டர் என்பது எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அதை யார் தலையில் கட்டுவது? சரி, நாமே அளந்துவிடுவோம் என்று பேப்பர் கடையில் உலக உருண்டை ஒன்று வாங்கி, உங்கள் மாமியாரின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து இழுத்துப் பிடித்தால் 7,600தான் வருகிறது, கண்ணாடி போட்டுப் பார்த்தால் உருண்டையில் தாள் ஒட்டின புண்ணியவான் கடலை ஒரு மடிப்பு மடித்து ஒட்டியிருக்கிறான், அறுநூறு கிலோமீட்டர் தண்ணீர் உள்ளே போய்விட்டது, மடிப்பை நகத்தால் பிரிக்கப் போய் உங்கள் ஊரே கிழிந்து கையோடு வந்துவிட்டது. மன்னிக்கவும்.

டிக்கெட் ஆபீஸில் கேட்டேன். அங்கிருந்த பெண், போகப் பதினோரு மணி நேரம், திரும்பி வரப் பத்து மணி நேரம் என்றாள். "ஒரே தூரந்தானேம்மா, எப்படி ஒரு மணி நேரம் குறையும்?" என்றேன். "போறப்ப எதிர்காத்து சார்" என்றாள், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே. காற்றடித்தால் நீளுகிற மனையை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. வரிசையில் பின்னால் நின்றவர், "பெரியவரே, டிக்கெட் எடுக்க வந்தீங்களா, காத்தை விசாரிக்க வந்தீங்களா?" என்றார். வந்துவிட்டேன்.

உங்கள் மாமியார் துணி மடித்துக்கொண்டே, "ஏங்க, பயம்னா பயம்னு சொல்லிட்டுப் போங்களேன். உலகத்தை ஏன் குத்தம் சொல்றீங்க?" என்கிறார். விமானம் ஏறப் பயமில்லை, மாப்பிள்ளை. இருபத்தாறு வருஷம் அடுத்த ரூமில் இருமினால் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்த பெண். இப்போ அவளுக்கு ஒண்ணுன்னா நான் எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கேன்னு ஒருத்தராலயும் ஒழுங்கா சொல்ல முடியலை. வந்துவிடலாம். பார்த்துவிட்டுத் திரும்பணுமே, அதுதான் என்னால் ஆகாது.

ஆகவே நீங்கள் அங்கே மடிப்பில்லாத உருண்டையாகப் பார்த்து வாங்கி, உங்கள் முனையிலிருந்து அளந்து அனுப்பவும். ஒத்துப்போனால் யோசிப்போம்.

தாயும் சேயும் நலமாக இருக்கவும், உங்களுக்குக் கொஞ்சமாவது தூக்கம் வாய்க்கவும் ஆசிகளுடன்,
மாமனார்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது மகள் போன் செய்தாள். "டாக்டர் தேதியை முன்னாடியே வச்சுட்டாங்கப்பா. எனக்குப் பயமா இருக்கு, வாங்கப்பா" என்றாள். நேராக டிக்கெட் ஆபீஸுக்குப் போய்விட்டேன். வியாழக்கிழமை காலை ஆறரைக்கு இறங்குகிறோம் என்று அவளிடம் போனில் சொல்லிவிட்டேன். கடிதத்தை நானே கையில் தருகிறேன். உங்கள் மாமியாருக்குப் போக, வர எடுத்திருக்கிறது. எனக்குப் போக மட்டும்தான்.