காலி நாற்காலி கூடாது

"மூஞ்சியக் கொஞ்சம் வலிக்கிற மாதிரி வைடா மேஸ்திரி! பல்லைக் காட்டிச் சிரிச்சா எவன் நம்புவான்?" என்று கெஞ்சினார் பல் டாக்டர்.

புதிதாகப் பட்டம் வாங்கிய பல் டாக்டர்கள் கிளினிக்கை மூடாமல் நடத்துவது எப்படி என்று ஒரு வகுப்பு. அங்கே அவர் கற்றுவந்த முதல் பாடம், காத்திருக்கும் அறை காலியாக இருக்கக் கூடாது என்பது. இவர் அறையிலோ ஓட்டுவதற்கு ஒரு ஈகூட இல்லை. இந்த மாதமும் இப்படியே போனால் இடத்தைத் தையல் கடைக்கு விட்டுவிடுவதாக மாமனார் சொல்லிவிட்டார். அதனால்தான் கூடப் படித்த நான்கு பேரை நோயாளிகளாக உட்கார வைத்திருந்தார். நால்வரும் வேலை தேடிக்கொண்டிருந்த பல் டாக்டர்கள், கூப்பிட்டதும் வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்?

"பரீட்சையில வைத்தியம் பண்ணிக் காட்ட நோயாளி பிடிக்க பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவோமே, ஞாபகம் இருக்கா?" என்றாள் அத்தை. வகுப்பில் எல்லாரையும் அதட்டியதால் வந்த பெயர்.

"நான் புடிச்ச சொத்தைப் பல்லுக்காரருக்கு டீ வாங்கிக் குடுத்துக் கடத்திட்டுப் போனவதானே நீ!" என்றான் மேஸ்திரி. சொத்தைப் பல்லைச் சிமெண்ட் பூசுவது போல அடைத்ததால் அவனுக்கு அந்தப் பெயர்.

டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு நல்ல சொத்தைப் பல் கிடைத்தால் ஹாஸ்டலே கொண்டாடிய காலம் அது. அந்த நாட்கள் திரும்பி வராதா என்று ஏங்கினார்.

கன்னத்தைப் பிடித்தபடி ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். "அடேயப்பா, இவ்ளோ கூட்டமா? என் முறை வர்றதுக்குள்ள பல்லு தானா விழுந்துடும்" என்று கிளம்பிவிட்டார்.

கூட்டத்தைக் குறைக்க மேஸ்திரியை உள்ளே கூப்பிட்டார் டாக்டர். அவன் நடிக்கிறேன் பேர்வழி என்று "ஐயோ, அம்மா!" என்று அலறினான். வாசலில் செருப்பைக் கழற்றிய இருவர் அவசரமாக மாட்டிக்கொண்டார்கள்.

"ஏன்டா கத்துனே?"

"வலிக்கிற மாதிரி இருக்கச் சொன்னது நீதானே!"

நிலைமையைச் சரிசெய்ய அத்தை வாசலுக்கே போனாள். "ரொம்பக் கைராசி டாக்டர். நானே விடிஞ்சதும் வந்து உட்கார்ந்திருக்கேன், இன்னும் என் முறை வரல" என்று அளந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் படியேறவில்லை.

ஓர் ஒல்லி மனிதர் மட்டும் எதற்கும் அசராமல் வந்து உட்கார்ந்தார். பழைய கதைகளைக் கேட்டு அவரும் சிரித்தார். ஒருத்தராவது வந்தாரே! டாக்டர் ஓடி வந்தார்.

"வாங்க சார், நீங்கதான் அடுத்தது. எந்தப் பல்லு?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். நான் எதிர் கிளினிக்ல வேலை பாக்கறேன். இங்க கூட்டம்னு காலையிலேர்ந்து எல்லாரும் அங்க வந்து குவியறாங்க, எங்க டாக்டரால சமாளிக்க முடியல. நீங்க அஞ்சு டாக்டரும் சும்மாதானே இருக்கீங்க, கொஞ்சம் அங்க வந்து பல்லு புடுங்கறீங்களா?"