புல்லுக்குக் கயிறு கட்டினவன்

போன கார்த்திகையில் நான் ஒரு சபதம் எடுத்தேன். குடியை விடுகிற சபதம் இல்லை. அதை எனக்காக என் மனிசி எப்பவோ எடுத்துவிட்டாள். இது புல்லுச் சபதம். இந்தக் குளிர்காலத்தில் என் புல்லில் ஒரு தாள் சாகக்கூடாது!

எந்தப் புல்லு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நாங்கள் இருப்பது டோர்ட்மண்டில், மூன்றாம் மாடியில். எங்களுக்குச் சொந்தமான மண் எல்லாம் பூச்சாடிக்குள்தான். இங்கே மாடிவீட்டுச் சனத்துக்கு, நகரத்தின் ஓரத்தில் துண்டு துண்டாகத் தோட்டம் வாடகைக்கு விடுகிற சங்கங்கள் இருக்கின்றன. ஒரு வேலி, ஒரு குட்டிக் குடில், மிச்சம் நிலம். பென்சன் எடுத்த கையோடு எங்களுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. நான் அதில் புல்லு விதைத்தேன்.

ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் காலமெல்லாம் சட்டி பானை கழுவினவன் நான். கழுவின சட்டியை ஒருத்தரும் பாராட்டமாட்டார்கள். கழுவாத சட்டியைத்தான் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அப்படிப்பட்டவனுடைய புல்லு ஒருநாள் கம்பளம் மாதிரி வந்து நின்றது. பக்கத்துத் தோட்டத்துக் கிளவுஸ், சுரங்கத்தில் வேலை செய்து ஓய்ந்த மனிசன், வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஷோனர் றாசன்!" என்றார். வடிவான புல்லு என்று அர்த்தம். ஜேர்மன்காரருக்குப் புல்லுத்தரை றாசன். என் பேரோ செல்வராசா. புல்லைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் விசாரிக்கப் போகவில்லை. இரண்டு பேர் சார்பாகவும் நன்றி சொல்லிவிட்டேன்.

மனிசியின் பேர் புஷ்பராணி. பேரில்தான் பூ. மனதில் முழுக்கக் கத்தரிக்காய்.

"இஞ்சரப்பா, உந்தப் புல்லைத் தின்ன எங்களிட்டை ஒரு மாடு நிக்குதோ?"

"புல்லு தின்னுறதுக்கில்லையப்பா. பாக்கிறதுக்கு."

"பாத்தால் வயிறு நிறையுமோ? தமிழ்க்கடைக் கத்தரிக்காய் என்னைவிட வயசு கூடினது. அதை வெட்டவே பாவமாய்க் கிடக்கு. அரைவாசியைக் கிண்டித் தாங்கோ. மிளகாய், கத்தரி, முள்ளங்கி, கீரை எல்லாம் போடலாம்."

"ஏலாது."

'ஏலாது' என்று நான் அவளிடம் சொன்னது கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தரம். வீடே திகைத்துவிட்டது.

மூன்று நாள் குழம்பில் உப்பு இல்லை. நாலாம் நாள் அவளே சமாதானத்துக்கு வந்தாள்.

"சரியப்பா. சண்டை வேண்டாம். ஒரு ஒப்பந்தம். மாரி முடிஞ்சு பனி கரையட்டும். பச்சையாய் நிக்கிற புல்லு உங்கட. பட்டுப்போன இடம் என்ர. சம்மதமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், தோட்டம் தெரியாத மனிசி. மாரியில் புல்லைக் காப்பாற்றுகிற வித்தை முழுவதையும் கிளவுஸிடம் நான் கற்று வைத்திருந்தேன்.

"சம்மதம்! நல்லூர்க் கந்தன் மேலை ஆணை!"

அடுத்த நாளே வேலை தொடங்கியது. கடைசி வெட்டு வெட்டினேன். கட்டையாக வெட்டினால் குளிர் தின்னும், நெட்டையாக விட்டால் அழுகும். நடுத்தரமாக வெட்டினேன். விழுந்த இலையெல்லாம் ஒன்றும் விடாமல் வாரினேன். பாசி பிடிக்காமல் சுண்ணாம்புத்தூள் தூவினேன்.

அவள் குடில் வாசலில் தேத்தண்ணியோடு நின்று பார்த்தாள்.

"சுண்ணாம்பு போட்டாச்சு. வெத்திலை பாக்கை எப்ப போடப்போறியள்?"

"இது விஞ்ஞானமப்பா. உமக்கு விளங்காது. இஞ்சை வாரும், முக்கியமானதைச் சொல்லித்தாறன். பனி உறைஞ்சு கிடக்கேக்கை புல்லு கண்ணாடி மாதிரி. கால் வைச்சால் தாள் உடையும். உடைஞ்சது பிறகு மண்ணிறமாய்ச் செத்துப்போம். ஒரு பூனைகூட நடக்கப்படாது."

"அப்பிடியோ! ஒரு ஆள் நடந்தாலே செத்துப்போமோ?"

"ஓம். கால்தடம் அப்பிடியே தெரியும்."

"கன பேர் நடந்தால்?"

"ஐயோ, கதைக்காதையும். நினைக்கவே நெஞ்சு நோகுது."

என்ன அக்கறையாகக் கேட்டாள்! கடைசியில் என் மனிசிக்கும் புல்லில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். நாலு மூலைக்கும் தடி நட்டு, சுற்றிவர நீலக்கயிறு கட்டினேன். கயிறு கட்டும்போது ஒரு நுனியைப் பிடித்துத் தந்தவள் அவள்தான்.

மார்கழி போனது. புல்லு பச்சை. என் முகத்திலும் பச்சை. தை பிறக்கப்போகிற நேரம் புஷ்பராணி பொங்கல் கதையை எடுத்தாள்.

"இந்த முறை வீட்டிலை பொங்க ஏலாதப்பா. போனமுறை மறந்துபோனியளோ?"

எப்படி மறப்பது? போன பொங்கலுக்குப் பால் பொங்கி வழிய, புகை எழும்ப, கூரையில் இருந்த புகைமணி அலற, ஆறு குடும்பம் படுக்கை உடுப்போடு தெருவில் நின்றது. எங்கள் பொங்கல் பானையைப் பார்க்க ஏணி வைத்த வண்டியோடு தீயணைப்புப் படை வந்தது. சூரிய பகவான்தான் வரவில்லை.

"கார்டனிலை பொங்குவம். இறைச்சி வாட்டுற அடுப்பு புதிசாய்க் கிடக்கு, அதிலை பானையை வைப்பம். குடிலுக்கு முன்னாலை கல்லுப் பதிச்ச இடம் காணுந்தானே? உங்கட புல்லுப் பக்கம் ஒருத்தரும் வரத் தேவையில்லை."

"எத்தினை பேர்?"

"நாங்களும், மகள் மிதுஷா வீட்டாரும். வேற ஆர்?"

சரி என்றேன். கல்லுப் பதித்த இடத்தில் ஆறு பேர் தாராளமாக நிற்கலாம்.

பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. இங்கே தை மாதத்துச் சூரியன் எட்டரைக்குப் பிறகுதான் வருவார். அதுவும் லீவில் நிற்கிற ஆளைப் பலவந்தமாக வேலைக்குக் கூப்பிட்டது மாதிரி வருவார். இரவெல்லாம் நல்ல உறைபனி. கயிற்றுக்குள்ளே என் புல்லு தாளுக்குத் தாள் வெள்ளி பூசி நின்றது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

வாசலில் கார்ச் சத்தம் கேட்டது. ஒரு கார். இன்னொரு கார். பிறகு ஒரு வான். வேட்டிக்கு மேலே குளிர்ச்சட்டை போட்ட ஆம்பிளைகள், பட்டுச்சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை போட்ட பொம்பிளைகள், பலூன் மாதிரி உருண்டு வருகிற பிள்ளைகள்.

"என்னப்பா இது! ஊரே வருது!"

"தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலை ஒரு ஆளுக்குத்தானப்பா சொன்னனான். கதை எப்பிடிப் பரவுதெண்டு பாருங்கோ!"

முன்னுக்கு வந்தவர் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் சந்திரசேகரன்.

"செல்வராசா அண்ணை, எங்கை உங்கட பேர்போன புல்லு? அக்கா சொல்லி எங்களுக்கு இருப்புக் கொள்ளேல்லை."

நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. நான் வாயைத் திறக்க முதல் புஷ்பராணி இரண்டு கையையும் விரித்துக் கொண்டு குறுக்கே பாய்ந்தாள்.

"ஐயோ, ஒருத்தரும் கயித்துக்கு அங்காலை போகாதேங்கோ! அவருக்குப் பிடிக்காது. எல்லாரும் நெருக்கி இந்தக் கல்லிலை நில்லுங்கோ. நிக்க ஏலாதாக்கள் றோட்டிலை நில்லுங்கோ. பிள்ளையளைத் தூக்கி வைச்சிருங்கோ."

சனம் முழித்தது. ஒரு மனிசி, இவளுடைய சிநேகிதி லக்ஷ்மிப்ரியா, மெல்லமாகச் சொன்னாள். மெல்லமாக என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்கு.

"நாய் கட்டி வைச்ச வீட்டுக்குப் போயிருக்கிறன். புல்லுக் கட்டி வைச்ச வீட்டுக்கு இண்டைக்குத்தான் வாறன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அந்தக் குளிரில் காது சுடுவது சின்ன விசயம் இல்லை.

"அண்ணை, பரவாயில்லை," என்றார் சந்திரசேகரன். "ஆனால் குடில் சூரியனை மறைக்குது. கிழக்கு வெளிக்கிறது புல்லுப் பக்கம். பகவானுக்கு முதுகைக் காட்டியோ பொங்கிறது?"

"பகவான் கோவிக்கமாட்டார்," என்றாள் புஷ்பராணி. "இவர்தான் கோவிப்பார். இவருக்கு மனம் கொஞ்சம் சின்னன்."

அவ்வளவுதான். சின்ன மனமா? எனக்கா?

"ஆரடி சொன்னது?" என்று கத்தினேன். ஓடிப்போய் என் கையாலேயே கயிற்றை அவிழ்த்தேன். "வாங்கோ! எல்லாரும் வாங்கோ! புல்லுத்தானே? சூரியனுக்கில்லாத புல்லோ!"

கை தட்டினார்கள். மனிதனுக்குக் கை தட்டினால் அவன் என்னவும் செய்வான்.

சந்திரசேகரன் அரிசிமாவைக் கையில் எடுத்தார். ஊரில் உலக்கையை வைத்து, பானை வைக்கிற பொங்கல் சதுரத்துக்குக் கோடு போடுவார்கள். இங்கே உலக்கைக்கு எங்கே போவது? மண்வெட்டிப் பிடியை வைத்தோம்.

"சின்னதாய்ப் போடுங்கோ தம்பி," என்றாள் புஷ்பராணி. "அவரின்ர மனம் நோகும்."

"பெரிசாய்ப் போடும்!" என்றேன். "இன்னும் அங்காலை! அந்த மூலை வரைக்கும் இழுவும்!"

நானே மண்வெட்டிப் பிடியைத் தூக்கித் தூக்கி வைத்துக் கொடுத்தேன். புல்லில் அரைவாசியைப் பிடித்துக்கொண்டு ஒரு சதுரம் வந்தது. நடுவில் அடுப்பும் பானையும். புஷ்பராணி சனத்தை ஒழுங்குபடுத்தினாள்.

"எல்லாரும் கோட்டுக்கு உள்ளுக்கை நில்லுங்கோ! பிள்ளையள், ஓடுறதெண்டால் உள்ளுக்கையே ஓடுங்கோ! வெளியிலை ஒரு கால் வைக்கப்படாது, அது மாமான்ர ஆசைப் புல்லு!"

எனக்குக் கண் கலங்கியது. இத்தனை சனத்துக்கு நடுவிலும் மிச்சப் புல்லையாவது காப்பாற்ற நினைக்கிறாளே! இவளையா இவ்வளவு நாளும் பிழையாக நினைத்தேன்?

பானை பொங்கி வழிய, "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லாரும் கத்தினோம். பொங்கலை இறக்கி முடிய, வேலிக்கு மேலால் கிளவுஸின் தலை வந்தது. அறுபது கால் உறைபனிப் புல்லை மிதிப்பதைப் பார்த்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். புஷ்பராணி அந்த வாய்க்குள் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை வைத்தாள். திராட்சை வற்றல் நிறையப் போட்ட பொங்கல். அவர் கண்ணை மூடி மென்றார். விழுங்கி முடிக்க, இன்னும் வேணும் என்று கையை நீட்டினார். சொல்ல வந்ததை மறந்துவிட்டார்.

சூரியனும் ஒருக்கால் எட்டிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த பிறகு பொங்கின பொங்கல்களில் அதுதான் திறம்.

அடுத்த வாரம் சினோப் பனி கொட்டியது. புல்லும் தெரியவில்லை, சதுரமும் தெரியவில்லை. எனக்கும் நம்பிக்கை வந்தது. போர்த்துக்கொண்டு படுத்தால் நோய் மாறுவதில்லையா?

பங்குனி தொடக்கத்தில் பனி கரைந்தது. போய்ப் பார்த்தேன்.

நாலு மூலை. நாலு நேர்கோடு. உள்ளே முழுக்க மண்ணிறம், சேறு. வெளியே முழுக்கப் பச்சை. புல்லு கோடு போட்டுச் சாவதை உலகத்தில் முதன்முதல் கண்டவன் நானாகத்தான் இருப்பேன்.

பின்னால் மண்வெட்டியோடு அவள் நின்றாள்.

"பட்டுப்போன இடம் என்ரதானே அப்பா?"

"இஞ்சேரும்... உமக்கு முதலே தெரியுமோ?"

"எனக்கென்ன தெரியும்? தோட்டம் தெரியாத மனிசி. நீங்கள்தானே பனியிலை மிதிச்சால் செத்துப்போம் எண்டு மினக்கெட்டுச் சொல்லித் தந்தனீங்கள்."

"அப்ப அண்டைக்கு எல்லாரையும் மறிச்சது?"

"மறிச்சனான்தானே! கயித்தை அவிட்டது ஆர்?"

மண்வெட்டியை வாங்கினேன். வேறு என்ன செய்வது, கந்தன் மேல் ஆணை வைத்தவன்.

கிண்டக் கிண்ட மண் கறுப்பாக, ஈரமாக, புழு நெளிய வந்தது. அவள் கீரையும் முள்ளங்கியும் போட்டாள். கத்தரிக் கன்றுகள் வீட்டு யன்னலோரம் நிற்கின்றன. வைகாசியில் கொண்டுவந்து நடுவாளாம். இரண்டு கிழமையில் முள்ளங்கி இரண்டிரண்டு இலையாக முளைத்தது. சொல்ல வெட்கம்தான், காலையில் எழும்பி முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். கிளவுஸ் வந்து குனிந்து பார்த்துவிட்டு, அறுவடைக்குத் தன்னையும் கூப்பிடச் சொன்னார்.

ஆனாலும் மிச்சப் புல்லு என்னுடையது. அதில் நான் உறுதி. சித்திரை பிறக்க முதல் இந்த வருசத்து முதல் வெட்டு வெட்டினேன். மெஷின் பாட, பச்சை வாசம் எழும்ப, கோடு கோடாக வந்தது. புஷ்பராணி குடில் வாசலில் இருந்து ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிவாய் வெட்டுறியளப்பா! உங்களை மாதிரி ஆருக்கு வரும்? இன்னும் கொஞ்சம் கட்டையாய் வெட்டுங்கோவன்."

என் வெட்டை அவள் பாராட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். உச்சி குளிர்ந்துபோனது.

"ஏனப்பா கட்டையாய்?"

"பாய் விரிச்சு இருக்கேக்கை குத்தாமல் இருக்க வேணுமெல்லோ. வருசப்பிறப்பு விருந்துக்கு முழுச் சங்கத்துக்கும் சொல்லிப்போட்டன்."

நான் மெஷினை இன்னும் ஒரு படி கீழே இறக்கினேன்.