கட்டை விரல் வாங்கிய கிட்டார்

தோல் வேலை பார்க்கிறவனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. சோபாவை அழுத்துவான், பெல்ட்டை மடக்குவான், பக்கத்தில் நிற்பவரின் கைப்பையைக் கேட்காமலே முகர்ந்து பார்ப்பான். ஆம்பூரில் இது யாருக்கும் தப்பாகத் தெரியாது. இத்தாலியில் தெரியும்.

நான் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிறவன். அடியில் நாலு விரலைக் கொடுத்து, மேலே கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும், தோல் எந்த ரகம் என்று சொல்லிவிடுவேன். (இந்த விரலை நம்பித்தான் கம்பெனியே ஓடுகிறது என்று அந்த நாளில் ஓர் எண்ணம் இருந்தது. எனக்கு மட்டும்.) ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிட்டார் வாசிப்பேன். என்னிடம் இருந்தது பிளைவுட் கிட்டார். அதை வாசித்தால் பாட்டு வரும், கூடவே கொசு பறக்கிற சத்தமும் வரும்.

புது மெஷின் ஒன்றைப் பழகிவர என்னையும் வாணியம்பாடி ரியாஸ் பாயையும் இத்தாலிக்கு அனுப்பினார்கள். அங்கே தருகிற படியில் மிச்சம் பிடிப்பதை என்ன செய்வதென்று நான் கிளம்பும் முன்பே என் மனைவி ஸ்டெல்லா முடிவு செய்துவிட்டாள். வாஷிங் மெஷின். அவளும் எங்கள் கம்பெனியில்தான் தையல் பிரிவில் வேலை. பகலெல்லாம் மெஷினில் குனிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து துணிக்கல்லில் குனிவாள். இடுப்பு கழன்றுபோயிருந்தது. பைபிளைத் தொடாத குறையாகச் சத்தியம் செய்துவிட்டு விமானம் ஏறினேன்.

போன ஊரில், தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பழைய சாமான் கடை ஒன்று. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கிட்டார். என்னைவிட வயதில் மூத்தது, கொதித்துக் கொதித்துக் கறுத்த டீயின் நிறம். நடு ஓட்டையிலிருந்து கீழே வரை மரத்தில் ஒரு விரிசல். கடைக்காரம்மா எடுத்துக் கையில் கொடுத்தார். தந்தியைத் தொட்டேன். நம்மூர் சர்ச்சில் எல்லோரும் ஒருநாளாவது ஒரே சுருதியில் பாடியிருந்தால் இப்படி இருந்திருக்கும்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அந்தக் கடைதான். வாங்கலாமா, வேண்டாமா? விரிசல் இன்னும் நீளுமா? ஆம்பூர் வெயில் தாங்குமா? நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அந்தம்மா எனக்கென்று ஒரு நாற்காலியே போட்டுவைத்தார். ‘வாங்க மாட்டாதவனுக்கு விலை எதற்கு’ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்கு விலையும் தெரியும், விற்கிறவர் முகமும் பழகிவிட்டது. தைரியம்தான் வரவில்லை.

ரியாஸ் பாயிடம் யோசனை கேட்டேன். “கீறல் வுழுந்த தோலுன்னா கீறலைத் தள்ளி வெட்டிக்கலாம் தோஸ்த்து. இதை எங்க தள்ளி வெட்டுவே?” என்றார். மனம் கேட்கவில்லை. கடையிலிருந்தே ஸ்டெல்லாவுக்கு வீடியோ கால் போட்டு, விரிசலைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டினேன்.

“கையை எடுங்க,” என்றாள்.

எடுத்தேன்.

“பாட்டு வருமா?”

“சூப்பரா வருது ஸ்டெல்லா.”

“துணி தொவைக்குமா?”

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மனசு லேசாகிப்போனது. வாஷிங் மெஷின்தான் நியாயம். கடைக்காரம்மாவிடம் கைகூப்பி வேண்டாமென்றேன். அவரும் சிரித்தார். ரியாஸ் பாய் என் தோளைத் தட்டி, நீதான்யா மனுசன் என்றார். வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே சரியான முடிவு அது. கிட்டத்தட்ட ஒரு நிமிடம் நீடித்தது.

கிளம்புமுன் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். தொட்டது நானில்லை, என் தொழில். நாலு விரல் தானாக நடு ஓட்டைக்குள் போனது. கட்டை விரல் மேலே வந்தது. அழுத்தியது.

அப்பளம் நொறுங்கிய மாதிரி ஒரு சத்தம். விரிசலுக்கு இந்தப் பக்கம் இருந்த பலகை உள்ளே போய்விட்டது. என் விரலும்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அதற்காவது வாய் இருந்தது. கடைக்காரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து, கிட்டார் போடுவதற்கு ஒரு பை தேட ஆரம்பித்தார்.

ஊருக்கு வந்ததும் ரியாஸ் பாய் தைரியம் சொன்னார். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பசையை ஒரு டப்பா கொண்டுவந்து, மிச்சம் வைக்காமல் பூசினார். “பத்து வருசம் நடந்தாலும் பிரியாது,” என்றார். பிரியவில்லைதான். ஆனால் வாசித்தால் யாரோ செருப்புப் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்குகிற சத்தம் வந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போதகர் என்னைத் தனியே அழைத்து, இந்த வருடம் நீங்கள் கைதட்டினால் போதும் என்று பக்குவமாகச் சொன்னார்.

ஸ்டெல்லா துணி வாளியை என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த போனஸ் வரைக்கும் வாஷிங் மெஷின் நான்தான். தரம் பிரிக்கிற விரல் தண்ணீரிலேயே ஊறி, எந்தத் தோலை அழுத்தினாலும் நயம் தோலாகவே தெரிந்தது. சூப்பர்வைசரிடம் அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்றைக்கும் துணிக்கடை, பாத்திரக்கடை எங்கே போனாலும் வாசலிலேயே என் மகள், “அப்பா, விரல்,” என்பாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

போன மாதம் கணியம்பாடியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் அசல் தோலில் ஒரு ஜாக்கெட் போட்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். காபி வந்தது, ஆறியது, நான் எடுக்கவில்லை.

பையனின் அப்பா சங்கடப்பட்டு, “இன்னாங்க, அவரு கையில எதுனா பிரச்சினையா?” என்றார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க,” என்றாள் ஸ்டெல்லா. “அவரு தொட்டுட்டாருன்னா நாங்க வாங்கிக்கிணுதான் ஆகணும். மொதல்ல நீங்க உங்க முடிவச் சொல்லுங்க.”