கரடி மோப்பம் பிடிக்காத டிரம்

கருவாடு நாறத்தான் செய்யும். அதில் ஸ்டெல்லாமேரியின் தப்பு எதுவும் இல்லை. மகள் முதன்முதலாக வெளியூருக்கு வேலைக்குப் போகிறாள், அந்தக் குளிரில் வாய்க்கு ருசியாக எதைச் சாப்பிடுவாள் என்று யோசித்து, இரண்டு கிலோ நெத்திலிக் கருவாட்டைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

லூர்துநாதன் பையை மோந்து பார்த்தார். சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் மோந்தார்.

"இது போகக் கூடாது."

"ஏங்க?"

"கரடி."

பதினைந்து நாளாகப் புதுச்சேரி உப்பளத்து வீட்டில் இந்தப் பேச்சுத்தான். மெரினுக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருஷம் விண்ணப்பம் போட்டு அலுத்துப் போனவளுக்கு வந்த முதல் வேலை. ஜனவரி மூன்றாம் தேதி மாலை நாலு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கடிதத்தில் கறாராக எழுதியிருந்தார்கள். அந்த வரி மெரினுக்கு மனப்பாடம். அவள் அப்பாவோ ஊர்ப் பெயரைப் பார்த்ததும் செல்போனை எடுத்து, அங்கே தேயிலைத் தோட்டத்தில் கரடி நடந்து போகும் வீடியோ ஒன்றைப் பார்த்தார். ஒன்றைப் பார்த்தால் போன் சும்மா விடுமா? அடுத்தடுத்து நாற்பது கரடிகளைக் கொண்டுவந்து காட்டியது.

அவர் முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அமில பாட்டிலின் மூடியை ஒருநாள்கூடத் திறந்து வைத்தது கிடையாது. ஆபத்து என்று இருந்தால் அதற்கு விதிமுறை இருக்கும், அதை அட்டையில் எழுதி ஒட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. அட்டை இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கியது. கரடியைக் கண்டால் ஓடாதே. முதுகைக் காட்டாதே. கைகளை விரித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் நட. தனியாகப் போனால் சத்தம் எழுப்பிக்கொண்டே போ. சாப்பாட்டு வாசனையை வெளியே விடாதே. மகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமே என்று தெருவில் தானே பின்பக்கமாக நடந்து பழகினார். எதிர்வீட்டு ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி நடந்தார்.

வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு உள்ளூர பயம். இருப்பது ஒரே பெண். அவள் போகிற மலையில் என்ன நடந்தாலும் அவர் போய்ச் சேர எட்டு மணி நேரம் ஆகும்.

கருவாடு வராவிட்டால் தானும் வரமாட்டேன் என்று ஸ்டெல்லாமேரி சொல்லிவிட்டாள். மூன்று பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டிப் பார்த்தார்கள். அப்போதும் வாசனை வந்தது. அந்த நேரத்தில்தான் வாடகைக் கார் ஓட்டும் வினோத்குமார் பயணம் பேச வந்தான். அதே தெருக்காரன், நல்ல பையன் என்று பெயர். அவனையும் உட்காரவைத்து லூர்துநாதன் விளக்க ஆரம்பித்தார்.

"வாசன வர்ற சாமான டிரம்ல போட்டு, நாம இருக்குற எடத்துலேந்து தள்ளி வச்சிடணும்ப்பா. கரடி அது பின்னாடியே போயிடும். நம்ம பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது."

"பப்பா, அது அமெரிக்கால டென்ட் போட்டுத் தங்குறவங்களுக்கு" என்றாள் மெரின். "நான் ஹாஸ்டல்ல மூணாவது மாடில இருக்கப் போறேன்."

எந்த நாடாக இருந்தாலும் கரடிக்கு மூக்கு மூக்குத்தான் என்றார் அவர். வீட்டில் யாரும் கேட்காத விஷயத்தை வினோத்குமார் அக்கறையாகக் கேட்டான். திரும்பியே பார்க்காதா சார் என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். மறுநாளே இரும்பு வளையம் போட்டு இறுக்குகிற நீல டிரம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். காசும் வாங்கவில்லை. பாப்பா நல்லபடியாக வேலையில் சேர்ந்தால் போதும் என்றான்.

டிரம்மில் ஒரே ஒரு குறை. அது தெரிந்த சாராயக் கடையிலிருந்து வந்தது. லூர்துநாதன் சோப்புப் போட்டு மூன்று தடவை, எலுமிச்சம்பழம் தேய்த்து ஒரு தடவை கழுவினார். சாராய வாசனை போகவில்லை. கிறிஸ்துமஸுக்குச் செய்த ரவை கேக்கை மேலே வைத்தால் அந்த மணத்தில் இது அடங்கிவிடும் என்று ஸ்டெல்லாமேரி யோசனை சொன்னாள். திராட்சையும் முந்திரியும் ரம்மில் மூன்று வாரம் ஊறிய கேக் அது. இப்போது டிரம்மில் மூன்று வாசனை. வேறு வழியில்லாமல் லூர்துநாதன் மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். ஆறு ரோல் தீர்ந்த பிறகுதான் அவருக்குத் திருப்தி. மெரினின் பையில் பெரிய மார்க்கெட்டில் வாங்கிய மாட்டு மணி ஒன்றையும், கழுத்தில் ஒரு விசிலையும் மாட்டினார்.

மூன்றாம் தேதி காலை ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். ஆறரைக்குத் தமிழ்நாட்டு எல்லையில் போலீஸ் நிறுத்தியது. புதுச்சேரியில் சரக்கு மலிவு. அதனால் விழுப்புரம் பக்கம் போகிற எந்த வண்டியையும் அந்தப் பக்கத்துப் போலீஸ் நல்ல கண்ணோடு பார்ப்பதில்லை.

ஏட்டு ராஜவேலுக்குச் சோதனைச் சாவடியில் பன்னிரண்டு வருஷ அனுபவம். பூசணிக்காய்க்குள் பாட்டில் எடுத்தவர், ஸ்பீக்கர் பெட்டிக்குள் எடுத்தவர். டிக்கியைத் திறந்ததும் டிரம்மைப் பார்த்தார்.

"உள்ள இன்னா?"

"கருவாடு சார்."

"கருவாட்டுக்கா இத்தன டேப்பு?"

"கரடிக்கு வாசன தெரியக் கூடாதுல்ல" என்றார் லூர்துநாதன்.

ராஜவேல் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எவ்வளவோ கதை கேட்டிருக்கிறார். கரடி இதுதான் முதல் தடவை. டிரம்மைத் தூரமாக மரத்தடிக்குத் தூக்கிப் போகச் சொன்னார். டேப்பை அறுக்கவே இருபது நிமிஷம் ஆயிற்று. வளையத்தைக் கழற்றியதும் முதலில் சாராயம் வந்தது, அதன் பின்னால் ரம் வந்தது, கடைசியாகக் கருவாடு வந்தது. மூன்றும் வாசனையாக மட்டும்தான். இருந்தாலும் சாவடியில் இருந்த ஐந்து போலீஸும் மரத்தடிக்கு வந்துவிட்டார்கள். எஸ்.ஐ. அம்மா மேனகா கேக்கை எடுத்து மோந்தார்.

"இதுல ரம் இருக்கா?"

"இருக்கு மேடம். மூணு வாரம் ஊறுனது" என்றார் லூர்துநாதன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஸ்டெல்லாமேரி அவர் இடுப்பில் கிள்ளியது வீணாகப் போயிற்று.

நிலைமையைச் சரிசெய்ய அவள் ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். எஸ்.ஐ. அம்மா சாப்பிட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆனால் சந்தேகமே இல்லாமல் ரம்தான் என்றார். கேக்கில் ஊறியிருந்தாலும் அது மதுதானா என்று மேலதிகாரியைக் கேட்க வேண்டுமாம். மேலதிகாரி போனை எடுக்கவில்லை.

மணி எட்டாயிற்று. வினோத்குமார் மட்டும் பதற்றமே இல்லாமல் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பப்பா, நாலு மணி" என்றாள் மெரின். அவள் கண் கலங்கியிருந்தது. இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை தன்னுடைய டேப்பால் போகிறதே என்று லூர்துநாதனுக்கு வெட்கமாக இருந்தது. தான் சொன்ன கரடி பொய்யில்லை என்று காட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, செய்து காட்டத் துணிந்தார். எஸ்.ஐ. அம்மாவைப் பார்த்தபடியே இரண்டு கைகளையும் விரித்தார். முதுகைக் காட்டாமல், அவசரப்படாமல், ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்தார்.

அவருக்குப் பின்னால் இருந்தது புதுச்சேரி எல்லை. இன்னும் பன்னிரண்டு அடி வைத்தால் வேறு சர்க்கார்.

"மேடம், நழுவுறாரு" என்றார் ராஜவேல்.

ஐந்து பேரும் மரத்தடியிலிருந்து ஓடிவந்து அவரைச் சுற்றிக்கொண்டார்கள். விதி எண் ஒன்றை மதித்து லூர்துநாதன் ஓடவில்லை. புருஷனைப் போலீஸ் பிடித்ததைக் கண்ட ஸ்டெல்லாமேரி, மகள் கழுத்திலிருந்த விசிலை இழுத்துத் தன் பலத்தையெல்லாம் கூட்டி ஊதினாள். போலீஸ் விசில் என்று நினைத்து விழுப்புரம் பஸ் நின்றது. அதன் பின்னால் தண்ணீர் லாரி நின்றது. எதிர்ப்பக்கம் கரும்பு டிராக்டர் நின்றது. பத்தே நிமிஷத்தில் இரண்டு மாநிலமும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

எஸ்.ஐ. அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கேக்காவது கரடியாவது, முதலில் இந்தக் குடும்பத்தை ஏற்றி அனுப்புங்கள் என்றார். டிரம்மை ராஜவேலே தூக்கிவந்து டிக்கியில் வைத்து, பாப்பா நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்தியும் அனுப்பினார்.

விழுப்புரம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று போன் சொன்னது. மெரின் சிரித்தாள். தன் விதிமுறைகளில் ஒன்றுகூட உதவவில்லையே என்று லூர்துநாதனுக்கு மட்டும் மனத்தாங்கல்.

டீ கிளாஸோடு திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்டெல்லாமேரி உட்கார்ந்து வந்த பின் சீட்டை வினோத்குமார் தூக்கி நிறுத்தியிருந்தான். அடியில் காகிதம் சுற்றிய பிராந்தி பாட்டில்கள் நாலு வரிசையாகப் படுத்திருந்தன. பைக்கில் வந்த ஒருவன் அவற்றைச் சாக்கில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

வினோத்குமார் சீட்டைப் பழையபடி பொருத்திவிட்டு, வாத்தியாருக்கு முன்னால் நிற்கிற மாணவனின் பணிவோடு சொன்னான்:

"நீங்க சொன்னதுதான் சார். வாசன வர்றத தள்ளி வச்சிட்டா, கரடி நம்ம பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."