முப்பத்தோராம் நம்பருக்கு ஒரு சேவல்

முப்பத்தோராம் நம்பர்க்காரி அறுந்த கயிற்றுப் பாலத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது 'தொடரும்' போட்டுவிட்டார்கள். நாகலெட்சுமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு ஏழு மணி வரைக்கும் அவ எப்படித் தொங்குவா?"

"அது அவங்க பாடு அக்கா, நீங்க தேத்தண்ணியக் குடிங்க," என்றாள் அடுத்த காம்பராவில் குடியிருந்த டோரீன். டிவி டோரீனுடையது.

நூறு பேர் விளையாடி, தோற்றவரெல்லாம் செத்து, கடைசியில் மிஞ்சுகிற ஒருவர் மட்டும் கோடீஸ்வரராகும் வெளிநாட்டு நாடகம் அது. தமிழில் பேசவைத்து ஒளிபரப்பினார்கள். முப்பத்தொன்றுக்கு ஒரு நோயாளிப் பிள்ளை இருந்தது. அவள் பிழைத்தால் ஒரு சேவல் என்று, தேயிலை ஃபெக்டரியைக் காக்கும் ரோதமுனிக்கு நாகலெட்சுமி அங்கேயே நேர்ந்துகொண்டாள்.

அந்தச் சேவலைத் தனக்காக நேர்ந்திருக்கலாம். தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் பன்னிரண்டு குடும்பம், கட்டி முடித்த புது வீடு ஏழு. ஆறு வீட்டுக்கு ஆள் தெரிவாகிவிட்டது. ஏழாவது வீட்டை நம்பி மிச்சமிருந்த ஆறு குடும்பமும் காத்திருந்தது. சனிக்கிழமை வீடமைப்பு அதிகாரி நிரோஷன் வந்து யார் கூரை மோசம் என்று பார்ப்பார்.

"ஒங்களுக்குத்தான் அக்கா," என்றாள் டோரீன். "லயத்துலயே ஒங்க தகரந்தான் மோசம்."

அதில் பொய்யில்லை. மழை பெய்தால் நாகலெட்சுமியின் புருஷன் அழகுமுத்து குடை பிடித்துக்கொண்டுதான் சோறு தின்பான்.

மறுநாள் முப்பத்தொன்று பிழைத்துக்கொண்டாள். லயமே கைதட்டியது. அதற்கு அடுத்த நாள், தன்னைத் தூக்கிவிட்ட கிழவனையே அவள் அழுதுகொண்டே பள்ளத்தில் தள்ளினாள்.

நாகலெட்சுமி கொழுந்து பறிக்கப் போனால் பக்கத்து நிரையில் எவளும் நிற்கவில்லை.

"ஒங்க சேவலாலதான அந்தக் கெழவன் செத்தாரு," என்றாள் கூடக் கொழுந்து பறிக்கும் மீனம்மா. "நல்ல மனுசன்."

டோரீன் மட்டும் ஒதுங்கவில்லை. "முப்பத்தொண்ணுந்தான் என்னா செய்வா அக்கா? அவளுக்கும் புள்ள இருக்குல்ல," என்றாள்.

நாகலெட்சுமி பூசாரி பொன்னையாவிடம் ஓடினாள். "அந்த நேத்தியத் திருப்பிக்கலாமா சாமி? அவ செத்தா ஒரு கெடா வெட்டுறேன்."

"சேவலையே இன்னும் காணோம், அதுக்குள்ள கெடாவா? மனு மேல மனு போட ரோதமுனி என்ன தோட்டத்து ஆபீஸா?"

"டிவியில பொழச்சதுக்கெல்லாமா வெட்டணும்?"

"எங்க பொழச்சா என்னம்மா? நீ கேட்ட, அவரு குடுத்தாரு. மொதல்ல சொன்னதச் செய்யி."

அன்று சாயந்தரமே அழகுமுத்து தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வழுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டான். இது ரோதமுனியின் கோபம்தான் என்று நாகலெட்சுமி நினைத்தாள்.

"பாத்தீங்களா அக்கா," என்றாள் டோரீன். "சாமி காரியத்துல நாளக் கடத்தக்கூடாது. ஞாயித்துக்கிழம பத்து மணிக்குக் குடும்பத்தோட போயி முடிச்சிட்டு வந்துருங்க."

கிறிஸ்தவ வேதக்காரியாக இருந்தும் ரோதமுனிக்கு அவள் அவ்வளவு பயந்தாள். சேவலைக்கூட அவளே கொடுத்தாள்.

சனிக்கிழமை நாகலெட்சுமி வேலைக்குப் போகவில்லை. ஒழுகும் இடமெல்லாம் சட்டி பானைகளை வைத்து, நடுவில் அழகுமுத்துவைக் குடையோடு உட்காரவைத்தாள். மழையும் வரவில்லை, அதிகாரியும் வரவில்லை. அவனுக்குக் கை மரத்துப்போனதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருமாக ஃபெக்டரிக்குப் போனார்கள். முழங்கால் வலி என்று டோரீன் தேவாலயத்துக்குப் போகவில்லை. "நான் இருக்கேன்ல, பாத்துக்கிறேன்," என்று வழியனுப்பினாள்.

சேவலை வெட்டிவிட்டுத் திரும்பினால் பூட்டில் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தது: 'வீடு பூட்டியிருந்தது. பார்வையிட முடியவில்லை.'

டோரீன் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். "ஒரு மணித்தியாலம் இருங்கன்னு கெஞ்சினேன் அக்கா. அந்தாளு கேக்கல."

வீட்டைப் பறிகொடுத்தவள், அழுகிறவளின் கண்ணைத் துடைத்துவிட வேண்டியதாயிற்று. அன்றைக்கும் நாடகத்தில் முப்பத்தொன்று பிழைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை நாகலெட்சுமி நிரோஷனைத் தேடிப் போனாள்.

"ஏழாவது வீட்ட டோரீனம்மாவுக்கு எழுதியாச்சும்மா," என்றார் அவர்.

அவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் ஊரே ஒதுக்கியபோது கூட நின்றவள் அல்லவா என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

"அவளுக்குக் கெடச்சா எனக்குக் கெடச்ச மாதிரிதாங்கையா. ஆனா நீங்க சனிக்கிழமைன்னுதான சொன்னீங்க? நாள் பூரா காத்துக் கெடந்தோமே."

நிரோஷன் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சனிக்கிழம வரத்தாம்மா இருந்தேன். டோரீனம்மாதான் போன் போட்டு, ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு வாங்க, அப்பதான் நாகலெட்சுமி அக்கா வீட்ல இருப்பாங்கன்னு சொன்னாங்க."